பதினொரு சாக்கு எங்கே போனது: ஒரே பதிவை இருவர் திருத்தும்போது நடப்பது

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், எங்கள் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே சொல்லும் ஊரில், செம்பனைத் தோட்டத்துக்கு ஆள் விடும் குத்தகையாளர் ஒருவருக்கு நான் ஒரு சின்ன வலைச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். யார் எத்தனை குலை வெட்டினார்கள், உதிரிப்பழம் எத்தனை சாக்கு பொறுக்கினார்கள், அட்வான்ஸ் எவ்வளவு, இபிஎஃப் (சேமநிதி) எண் என்ன, வங்கிக் கணக்கு என்ன, எல்லாம் ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். ஆட்களை மேய்க்கும் மண்டோர் வெளிக்காட்டிலிருந்து கைப்பேசியில் போடுவார், கணக்கு எழுதும் கிராணி ஆபீஸ் கணினியில் போடுவார். ஆறு மாதம் ஒரு புகாரும் இல்லை.

அப்புறம் ஒருநாள், சம்பளம் போட்டதற்கு மறுநாள் காலையில், உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் நாள்காட்டி. லயத்து வீட்டுச் சுவரிலிருந்து அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் குச்சி குச்சியாகக் கோடு போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்திருந்தார். “தம்பி, என் கணக்குல இருபத்தொம்பது சாக்கு கொறையுது. நீங்களே எண்ணிப் பாருங்க” என்றார். நானும் மண்டோரும் உட்கார்ந்து எண்ணினோம். மண்டோர் தன் நோட்டை எடுத்து ஒத்துப் பார்த்தார். அக்கா கணக்கு சரி. செயலியில் இருந்த கணக்குத்தான் தப்பு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று அரசாங்கம் வைத்திருக்கும் நாட்டில் 29 சாக்குக் கூலி சின்னத் தொகை இல்லை, ஒரு வீட்டின் ஒரு வார மளிகை அது.

பிழைச் செய்தி எங்கேயும் இல்லை, சர்வரும் விழவில்லை. மண்டோர் சேமித்தபோது பச்சை நிறத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்திருக்கிறது, கிராணி சேமித்தபோதும் அதே பச்சை. சர்வர் பதிவேட்டை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த மாதத்தில் மூன்று நாள் ஒரே மாதிரி நடந்திருந்தது. அதில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

பிற்பகல் 3:40க்குக் கிராணி அக்காவின் பக்கத்தைத் திறக்கிறார், வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் எண்ணைத் திருத்த. அந்த நேரத்தில் மாதச் சாக்குக் கணக்கு 142. திறந்ததும் யாரோ கூப்பிட, எழுந்து போகிறார். 3:52க்கு மண்டோர் காட்டிலிருந்து அதே பக்கத்தைத் திறக்கிறார், அவருக்கும் 142தான் தெரிகிறது. அன்றைய 11 சாக்கைக் கூட்டி 153 என்று சேமிக்கிறார். தரவுத்தளத்தில் இப்போது 153. கிராணி 4:05க்குத் திரும்பி வந்து, கணக்கு எண்ணைத் திருத்தி, சேமி பொத்தானை அழுத்துகிறார். அவருடைய பக்கம் 25 நிமிடத்துக்கு முன் எடுத்த நகல், அதில் சாக்கு இன்னும் 142. படிவம் எல்லாக் கட்டங்களையும் சேர்த்து அனுப்புகிறது, தரவுத்தளம் சொன்னபடி எழுதிக்கொள்கிறது. 153 போய் மறுபடியும் 142. கிராணி சாக்குக் கட்டத்தின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை, ஆனாலும் அதை அழித்தவர் அவர்தான், அழிக்க வைத்தது என் செயலி.

தரவுத்தளத் துறையில் இதற்கு ‘லாஸ்ட் அப்டேட்’, தொலைந்த திருத்தம், என்று பெயர். இருவர் படிக்கிறார்கள், இருவர் மாற்றுகிறார்கள், இருவர் எழுதுகிறார்கள், கடைசியாக எழுதியவருடையதுதான் நிற்கிறது. முன்னால் எழுதியவருக்கு எந்தத் தகவலும் போவதில்லை. இதைத்தான் நான் மோசம் என்பேன். செயலி விழுந்தால் நாலு பேர் சத்தம் போடுவார்கள், உடனே சரி செய்துவிடலாம். எண் மட்டும் சத்தமில்லாமல் மாறினால், வீட்டில் நாள்காட்டியில் கோடு போட்டு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது தெரியவரும்.

பழைய தோட்டத்து ஆபீஸில் இந்தக் கோளாறு வர வழியே இல்லை. செக்ரோல் என்ற வருகை, கூலிப் புத்தகம் ஒன்று. காலையில் பெரட்டு (ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவது) முடிந்ததும் பேர் ஏறும், சாயங்காலம் எடை ஏறும். அந்தப் புத்தகம் பெரிய கிராணி மேசையில் இருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். புத்தகம் யார் கையிலோ அவருக்கே எழுதும் உரிமை, அதுவே பூட்டு. தனியாக யாரும் பூட்டு என்று ஒன்றைச் செய்யத் தேவையில்லை. வலைச் செயலி என்ன செய்கிறது என்றால், கேட்கிற ஆளுக்கெல்லாம் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் நகல் எதுவானாலும் அதை அசல் என்று ஒட்டிக்கொள்கிறது.

சரி, புத்தகத்தை ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டும் கொடுப்பது போலத் தரவுத்தளத்தில் செய்ய முடியாதா? முடியும், 50 வருடமாக முடியும். 1976இல் ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர் என்ற நால்வர் இதைக் கணக்குப்போல நிறுவிக் காட்டினார்கள். ஒரு பரிவர்த்தனை, அதாவது முழுதாக முடிய வேண்டிய அல்லது முழுதாகக் கைவிட வேண்டிய ஒரு வேலைத் தொகுப்பு, தனக்கு வேண்டிய பூட்டையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒன்றை விட ஆரம்பித்த பிறகு புதிதாக ஒன்றை வாங்கக்கூடாது, அப்படி நடந்தால் எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும் ஒருவர் பின் ஒருவராகச் செய்ததற்கு ஈடான முடிவு வரும் என்றார்கள். இதற்கு இருகட்டப் பூட்டு என்று பெயர். பரிவர்த்தனைகள் பற்றிய வேலைக்காக ஜிம் கிரேவுக்குக் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது 1998ஆம் ஆண்டுக்காகக் கிடைத்தது. இன்று நாம் எழுதும் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ அந்த வழியில் வந்ததுதான். இந்த வரிசையை (அட்டவணையில் ஓர் ஆளுக்குரிய வரியை) படிக்கிறேன், மாற்றப்போகிறேன், நான் முடிக்கும்வரை இதை வேறு யாரும் மாற்றக்கூடாது என்று தரவுத்தளத்திடம் சொல்வது அது.

ஆனால் அந்தப் பூட்டு பரிவர்த்தனை முடியும்வரைதான் இருக்கும். கமிட் (மாற்றத்தை உறுதியாக்குவது) ஆனாலும் ரோல்பேக் (மாற்றத்தைக் கைவிடுவது) ஆனாலும் பூட்டு போய்விடும். வலையிலோ, பக்கத்தைத் திறப்பது ஒரு கோரிக்கை, சேமிப்பது இன்னொரு கோரிக்கை, இரண்டுக்கும் நடுவில் சர்வருக்கு நம்மை ஞாபகமே இருப்பதில்லை. பக்கத்தை அனுப்பியதும் பரிவர்த்தனை முடிகிறது, தரவுத்தள இணைப்பு பொதுக் குவியலுக்குத் திரும்பி அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது. ‘நான்தான் எல்லாவற்றையும் பரிவர்த்தனைக்குள் போட்டிருக்கிறேனே, பிறகெப்படித் தொலையும்’ என்று கேட்பவர்கள் மறப்பது இதைத்தான். கிராணியின் 25 நிமிடம் எந்தப் பரிவர்த்தனைக்குள்ளும் இல்லை.

அந்த 25 நிமிடமும் பரிவர்த்தனையைத் திறந்தே வைத்திருந்தால்? ஒவ்வொரு திறந்த பக்கத்துக்கும் ஓர் இணைப்பு பிடிபட்டு நிற்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இயல்பாகக் கொடுப்பதே 100 இணைப்புதான். ஆட்கள் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒட்டுக்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனால் மற்ற எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் வேறொருவர் பூட்டிய வரிசைக்காகக் காத்திருக்கும் கோரிக்கை இயல்பாக 50 வினாடி நின்று பிறகு பிழையோடு திரும்பும். 50 வினாடி சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு எந்த மண்டோரும் காட்டில் நிற்க மாட்டார். தரவுத்தளப் பூட்டு மில்லிவினாடிக்கென்று செய்யப்பட்ட பூட்டு. மனிதர்களின் நிமிடக்கணக்கை அதற்குள் நுழைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் பலர் கையால் ஒரு பூட்டுச் செய்வார்கள், நானும் முதலில் செய்தேன். அட்டவணையில் இரண்டு கட்டங்களைச் சேர்ப்பது, யார் திறந்திருக்கிறார், எப்போதிலிருந்து. கிராணி திறந்தால் அவர் பெயர் ஏறும், மண்டோர் வந்தால் ‘கிராணி இதைத் திருத்திக்கொண்டிருக்கிறார், பிறகு வாருங்கள்’ என்று வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மண்டோர் திறந்தபடியே செம்பனைக்குள் இன்னும் நாலு வரிசை உள்ளே நடந்தால் லைன் போய்விடும், பூட்டை எடுக்க ஆள் இருக்காது, சாயங்காலம்வரை ஆபீஸில் யாரும் அந்தப் பக்கத்தைத் தொட முடியாது. அதற்காக 15 நிமிடக் கெடு வைத்தேன். கெடு தாண்டினால் பூட்டு தானாக விலகும். இப்போது என்ன ஆகிறது பாருங்கள். மண்டோரின் கெடு தாண்டுகிறது, கிராணி பக்கத்தை எடுத்து மாற்றிச் சேமிக்கிறார், அப்புறம் மண்டோருக்கு லைன் திரும்பி வருகிறது, அவர் தன் பழைய நகலைச் சேமிக்கிறார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம், திருத்தத்தைத் தொலைத்த ஆள் மட்டும் மாறிவிட்டார். கெடு வைத்த பூட்டு எதுவானாலும் சேமிக்கும் நேரத்தில் இன்னொரு சோதனை இல்லாமல் முழுமையாகாது, அந்தச் சோதனை இருந்துவிட்டாலோ பூட்டே பெரும்பாலும் தேவைப்படாது. ‘மண்டோர் இதைத் திறந்திருக்கிறார்’ என்று ஓர் அறிவிப்பாக மட்டும் அதை இன்னும் வைத்திருக்கிறேன், அந்த அளவில் உதவியாக இருக்கிறது.

அந்தச் சோதனைதான் பதிப்பு எண். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு முழு எண், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்று கூடும். பக்கத்தை அனுப்பும்போது அந்த எண்ணையும் படிவத்துக்குள் மறைவாக அனுப்புகிறோம், உதாரணமாக 37. சேமிக்கும்போது தரவுத்தளத்திடம் சொல்வது இப்படி: இந்த ஆளின் வரிசையில், பதிப்பு இன்னும் 37 ஆகவே இருந்தால் மட்டும், இந்த விவரங்களை எழுது, பதிப்பை 38 ஆக்கு. இது ஒரே கட்டளை. இடையில் யாரும் நுழைய முடியாது, ஏனென்றால் ஒரு கட்டளை ஒரு வரிசையை மாற்றும் அந்த நொடிக்குத் தரவுத்தளமே பூட்டுப் போட்டுக்கொள்கிறது. கட்டளை முடிந்ததும் எத்தனை வரிசை மாறியது என்று பதில் வரும். 1 என்றால் சரி. 0 என்றால் நாம் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில் வேறு யாரோ மாற்றிவிட்டார். கிராணி அன்று 4:05க்கு அழுத்தியபோது இந்த 0 வந்திருக்க வேண்டும்.

இந்த எண்ணத்தை 1981இல் குங், ராபின்சன் என்ற இருவர் எழுதினார்கள். மோதல் அரிது என்றால் முன்கூட்டியே எல்லாரையும் நிறுத்தி வைப்பானேன், வேலையைச் செய்யவிட்டு, முடிவில் மோதல் உண்டா என்று பார்த்தால் போதும் என்பது அவர்கள் வாதம். அதனால்தான் இதை நம்பிக்கைவாதப் பூட்டு என்றும், முன்னால் சொன்னதை அவநம்பிக்கைப் பூட்டு என்றும் சொல்கிறார்கள். பெயர் பூட்டு என்றாலும் இங்கே எதையும் பூட்டுவதில்லை. செயலி எழுத உதவும் கருவித்தொகுப்புகளிலும் இது உண்டு. ரெயில்ஸில் ‘லாக் வெர்ஷன்’ என்று ஒரு கட்டம் வைத்தால் போதும், அது தானே பார்த்துக்கொள்ளும். ஹைபர்நேட்டிலும் அப்படி ஒரு குறி உண்டு. ஜாங்கோவில் வரிசையைப் பூட்ட வழி உண்டு, பதிப்பு எண்ணை மட்டும் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். வலைப்பக்கங்கள் போய்வரும் விதிமுறையான எச்டிடிபியிலும் இதே யோசனை இருக்கிறது: சர்வர் ஈடேக் என்று ஓர் அடையாளம் கொடுக்கும், திரும்ப எழுதும்போது ‘இஃப் மேட்ச்’ என்று அதையே அனுப்ப வேண்டும், பொருந்தாவிட்டால் 412 என்று மறுப்புப் பதில் வரும்.

எளிதுதான், ஆனால் கையால் எழுதும்போது தவறும் இடங்கள் சில உண்டு, அவற்றை மற்றவர்கள் எழுதியதிலும் பார்த்திருக்கிறேன். முதலாவது, சேமிக்கும் நிரலுக்குள் வரிசையைப் புதிதாக ஒருமுறை படித்து, அதிலிருந்தே பதிப்பு எண்ணை எடுத்துச் சோதிப்பது. அது எப்போதுமே பொருந்தும், ஏனென்றால் இப்போதுதான் படித்தோம். சோதிக்க வேண்டியது மனிதர் பார்த்த எண்ணை, படிவத்தோடு போய் வந்த எண்ணை. ரெயில்ஸிலும் அந்த எண்ணைப் படிவத்தில் மறைவாக வைக்காவிட்டால் இதே ஓட்டைதான். அடுத்தது, 0 என்று வந்த பதிலை யாரும் பார்க்காமல் விடுவது. 0 வரிசை மாறியது தரவுத்தளத்துக்குப் பிழை இல்லை, அது அமைதியாகத் திரும்பும், நிரலும் பச்சை நிறத்தைக் காட்டிவிடும். எண்ணுக்குப் பதில் கடைசியாகத் திருத்திய நேரத்தை வைப்பதும் உண்டு. நேரம் வினாடிக் கணக்கில் பதிவானால் ஒரே வினாடிக்குள் இருவர் நுழைந்துவிடலாம், ஆகவே எனக்கு எண்தான் பிடிக்கும்.

தரவுத்தளத்தின் தனிமை நிலைகளைப் பற்றியும் கொஞ்சம், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் பரிவர்த்தனைகளை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரித்து வைப்பது என்பதைப் பற்றி. போஸ்ட்கிரெஸின் இயல்பு நிலை ‘ரீட் கமிட்டட்’, இன்னோடிபியின் இயல்பு நிலை ‘ரிப்பீட்டபிள் ரீட்’. முதலாவதில் படித்துவிட்டு எழுதும் இருவரில் பின்னவர் முன்னவரை அழித்துவிடலாம். போஸ்ட்கிரெஸையும் ரிப்பீட்டபிள் ரீடுக்கு உயர்த்தினால் பின்னவருக்குப் பிழை கொடுத்து நிறுத்திவிடும். இன்னோடிபி அதே பெயருள்ள நிலையிலும் நிறுத்தாது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம்.

இனி அக்காவின் நாள்காட்டிக்கு வருகிறேன், எனக்கு நிஜமாகவே வழி காட்டியது அதுதான். பதிப்பு எண் வைத்த பிறகு கூலி தொலைவது நின்றது, ஆனால் மண்டோருக்கு அடிக்கடி ‘யாரோ மாற்றிவிட்டார்கள், மீண்டும் திறக்கவும்’ என்று வர ஆரம்பித்தது. நடுக்காட்டில், விட்டு விட்டு வரும் லைனில், மறுபடியும் திறந்து மறுபடியும் எழுது என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? அவர் எழுதுவது சாக்கு, கிராணி எழுதுவது வங்கி எண், இரண்டும் மோதவே இல்லை, நான்தான் ஒரே வரிசையில் கொண்டுவந்து மோதவிட்டிருந்தேன். அக்கா என்ன செய்திருக்கிறார்? மொத்தத்தை ஓரிடத்தில் எழுதி அதை அழித்து அழித்துத் திருத்தவில்லை. அந்தந்த நாளுக்கு அந்தந்தக் கட்டத்தில் கோடு போட்டு வைத்தார், வேண்டும்போது எண்ணிக்கொண்டார். முன்னால் போட்ட கோட்டை அவர் தொடுவதே இல்லை. தொடாததைத் தொலைக்கவும் முடியாது.

செயலியையும் அப்படியே மாற்றினேன். சாக்குக் கணக்குக்குத் தனி அட்டவணை, மண்டோர் போடும் ஒவ்வொன்றும் தேதியோடு, யார் போட்டது என்பதோடு, ஒரு புது வரிசை. மாத மொத்தம் எங்கேயும் சேமிப்பில் இல்லை, கேட்கும்போது கூட்டிச் சொல்கிறது. தப்பாகப் போட்டுவிட்டால் அழிப்பதில்லை, கழித்தல் குறியோடு இன்னொரு வரிசை சேர்கிறது. லைன் போய் ஒரே பதிவு இரண்டு முறை வந்துவிடக்கூடாது என்பதற்காகக் கைப்பேசியிலேயே ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உருவாகிறது. அதே எண் இரண்டாவது முறை வந்தால் தரவுத்தளம் ஏற்காது. மொத்தத்தை வைத்தே ஆக வேண்டும் என்ற இடத்திலும் ‘153 என்று எழுது’ என்று சொல்லாமல் ‘இருப்பதோடு 11 கூட்டு’ என்று சொன்னால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். இதை எத்தனையோ செயலிகளில் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் செலக்ட் ஃபார் அப்டேட் எதற்கு? அட்வான்ஸுக்கு. ஓர் ஆளுக்கு மாதம் 300 வெள்ளிக்கு மேல் அட்வான்ஸ் கிடையாது என்பது குத்தகையாளர் வைத்த விதி. ஆபீஸில் ஒருவர் 200 போடுகிறார், அதே நேரத்தில் மண்டோர் கைப்பேசியில் 200 போடுகிறார், இருவர் பார்க்கும்போதும் இதுவரை கொடுத்தது 0, ஆகவே இரண்டும் உள்ளே போய்விடும், மொத்தம் 400. இங்கே புது வரிசை சேர்ப்பது மட்டும் காப்பாற்றாது, கூட்டிப் பார்ப்பதும் எழுதுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். அந்த ஆளின் முதன்மை வரிசையை முதலில் பூட்டி, இதுவரை கொடுத்ததைக் கூட்டி, வரம்புக்குள் இருந்தால் எழுதி, கமிட். எல்லாம் சேமிக்கும் அந்த ஒரு கோரிக்கைக்குள். பூட்டு கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. பூட்டும்போது தேடும் கட்டத்துக்கு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இன்னோடிபி தேடிக்கொண்டு போகும் வரிசைகளையெல்லாம் பூட்டிக்கொண்டே போகும். இரண்டு ஆட்களின் வரிசைகளைச் சேர்த்துப் பூட்ட வேண்டி வந்தால் எப்போதும் சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு. ஒருவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்க, மற்றவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருந்தால் அதுதான் டெட்லாக். தரவுத்தளம் கண்டுபிடித்து ஒருவரைத் தள்ளிவிடும், ஆனால் தள்ளப்பட்டவரின் வேலையைத் திரும்பச் செய்ய வைப்பது நம் பொறுப்பு.

முகவரி, வங்கி எண், இபிஎஃப் எண் மாதிரி விவரங்களுக்குப் பதிப்பு எண்ணே போதும். அங்கே மோதல் வந்தால் மனிதருக்கு என்ன காட்டுகிறோம் என்பதற்கு நான் பூட்டைவிட அதிக நேரம் செலவழித்தேன். வெறுமனே ‘மோதல், மீண்டும் முயலவும்’ என்று சொல்லி அவர் தட்டியதையெல்லாம் துடைத்துவிடுவது அநியாயம். அவர் தட்டியது அவருடைய உழைப்பு. விக்கிப்பீடியாவில் திருத்த மோதல் வந்தால் இருப்பதையும் நாம் எழுதியதையும் இரண்டையும் காட்டும், நம் எழுத்து தொலையாது. அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்தையும் அமைத்தேன். எந்தக் கட்டம் மாறியதோ அதை மட்டும் மஞ்சளில் காட்டி, மேலே ‘ஆபீஸில் 3:58க்கு மாற்றியது’, கீழே ‘நீங்கள் எழுதியது’, எதை வைத்துக்கொள்வது என்று இரண்டு பொத்தான். இருவரும் வேறு வேறு கட்டத்தைத் தொட்டிருந்தால் கேட்பதே இல்லை, இரண்டையும் சேர்த்துக்கொண்டு, சேர்த்ததைச் சொல்லிவிடுகிறது.

இதைச் சோதிக்கத் தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை. ஆபீஸ் வாசலில் உள்ள பெஞ்சில் மண்டோர் தன் கைப்பேசியோடு உட்கார்ந்தார், உள்ளே கிராணி கணினி முன்னால். இருவரும் ஒரே ஆளின் பக்கத்தைத் திறந்தார்கள். கிராணி முதலில் சேமித்தார், பச்சை வந்தது. பிறகு மண்டோர் அழுத்தினார், மஞ்சள் வந்தது. அவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, “அப்போ நான் போட்டது அப்படியே இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. அந்த மாதச் சம்பளத்தில் 29 சாக்குக் கூலியையும் சேர்த்துப் போட்டார்கள், அக்காவின் நாள்காட்டியைக் கிராணி தானே லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.